அந்த வசனத்தைச் சொன்னவர் யார்

"வாசிக்கத் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் வசனம் புரிஞ்சிடுமா, சிஸ்டர்?"

எங்கள் பாஸ்டர் இதைச் சிரித்துக்கொண்டே கேட்டார். ஞாயிறு ஆராதனை முடிந்து, மாடிப்படிக்குக் கீழே எல்லோரும் காகிதக் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எல்லோரும் என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. மீதிப் பேரின் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவர்களுடைய ஆஸ்பத்திரிச் சீட்டையும் ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகையையும் வாசித்துக் காட்டியவள் நான். அவர்கள் சிரித்ததை நான் மறக்கவில்லை. மறக்கிற எண்ணமும் இல்லை.

நான் பாஸ்டரிடம் கேட்டது ஒரே கேள்விதான். இந்த வருஷத்து வாக்குத்தத்த வசனத்தை வேதத்தில் யார், யாரைப் பார்த்துச் சொல்கிறார்?

வாக்குத்தத்தம் என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டிசம்பரில் பாஸ்டர் உபவாசம் இருந்து ஜெபிப்பார். வேதத்திலிருந்து ஒரு வரி அவருக்குக் கிடைக்கும். அதுதான் வருகிற வருஷம் முழுக்க சபைக்குக் கடவுள் தரும் வாக்கு. புத்தாண்டு ஆராதனையில் அதைச் சத்தமாக அறிவிப்பார்கள். காலண்டரில் அச்சடிப்பார்கள், பேனரில் போடுவார்கள், பிளாஸ்டிக் ஸ்டிக்கராக வீட்டுக்கு ஒன்று கொடுப்பார்கள். கதவில் ஒட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் சந்தில் கதவுகளைப் பார்த்தே யார் எந்தச் சபை என்று சொல்லிவிடலாம். ஒட்டியதைக் கிழிப்பது பாவம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனாலும் யாரும் கிழிக்க மாட்டார்கள். பழைய வருஷத்து வாக்கின் மேலேயே புது வருஷத்து வாக்கை ஒட்டுவார்கள்.

இந்த வருஷத்து வரியின் சாரம் இது: உன் தொடக்கம் சிறியதாக இருந்தாலும் உன் முடிவு மிகப் பெரியதாக இருக்கும். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ரொம்பப் பழக்கமான வரி. கடை திறப்புக்கு அச்சடிப்பார்கள், புது வீட்டு நிலையில் மாட்டுவார்கள், ஆட்டோவின் பின்னால் எழுதுவார்கள். தாராவியில் இதைவிடப் பொருத்தமான வரி கிடைக்குமா? இங்கே எல்லோருடைய தொடக்கமும் சிறியதுதான். எல்லோரும் ஒரு பெரிய முடிவுக்காகக் காத்திருக்கிறவர்கள்தான்.

எங்கள் சபை ஒரு பை தைக்கும் பட்டறையின் மாடியில் கூடுகிறது. பட்டறை எங்கள் சபைப் பெரியவர் ஒருவருடையது. ஊர் வழக்கப்படி எல்லோரும் அவரை அண்ணாச்சி என்போம். ஞாயிறு தையல் மெஷின்கள் நின்றிருக்கும், ரெக்சின் ஒட்டும் சொல்யூஷனின் வாசம் மட்டும் மாடி வரை ஏறி வரும். அந்த வாசத்தில்தான் நான் ஜெபிக்கக் கற்றுக்கொண்டேன்.

பெரியவர்களுக்குத் தமிழ் வேண்டும். பிள்ளைகளுக்கு இந்தி வேண்டும். அதனால் பிரசங்கியார் தமிழில் ஒரு வாக்கியம் சொல்வார், பக்கத்தில் நிற்பவர் அதை இந்தியில் சொல்லுவார். காலேஜில் சேர்ந்த வருஷத்திலிருந்து அந்த இடம் என்னுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். முனிசிபல் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். பிறகு மாட்டுங்காவில் காலேஜ். இப்போது செம்பூரில் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்சியில் க்ளெய்ம் காகிதம் பார்க்கிறேன். எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைக்க எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் விருப்பமில்லை.

திருப்பிச் சொல்வதை எல்லோரும் கிளிவேலை என்று நினைக்கிறார்கள். நின்று பார்த்தால் தெரியும். பிரசங்கியார் கத்தினால் கத்த வேண்டும், கிசுகிசுத்தால் கிசுகிசுக்க வேண்டும். அவர் கையை வீசினால் நம் முகத்தில் படாமல் விலக வேண்டும். முன்பெல்லாம் கன்வென்ஷன் கூட்டங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிரசங்கிமார் வருவார்கள். பனை, கமலைக் கிணறு, குளம் என்றே பேசிவிட்டுப் போவார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் பனைமரத்தை எங்கே பார்த்தார்கள்? பனையேறியை நான், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிப் பெயிண்ட் அடிக்கிறவனாக்கிச் சொல்வேன். பின்பெஞ்சில் தலைகள் நிமிரும். ஆனால் அவர் ஏறினான் என்று சொன்னால் நானும் ஏறினான் என்றுதான் சொல்வேன். ஒருநாளும் இறக்கிவிட்டதில்லை.

அந்தப் பழைய பிரசங்கிமார் மேலும் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. மும்பைக்கு வந்து மூன்று நாள் பேசுவார்கள், மூன்று நாளும் மும்பை என்பது பாவத்தால் அழிந்த சோதோம் என்பார்கள், பிறகு ஊருக்குக் கொண்டுபோக இங்கேயே சூட்கேஸ் வாங்குவார்கள். ஆனால் ஒன்று. அவர்கள் ஒரு அதிகாரத்தை எடுத்தால் அதன் கடைசி வரி வரை போவார்கள். சலிப்பாக இருக்கும், ஆனால் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்பது தெரியும்.

இப்போதைய பாஸ்டர் சில வருஷத்துக்கு முன் சென்னையிலிருந்து வந்தார். குடியிருப்பது செம்பூரில். வெள்ளை ஷூ, காதோடு ஒட்டிய மைக், பின்னால் பெரிய திரை. ரிலவன்ட்டாக இருக்க வேண்டும் என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் சொல். ஆவியானவர் என்றால் வைஃபை, ஜெபம் என்றால் ரீசார்ஜ், பாவம் என்றால் வைரஸ். தாவீதுக்கு ஐபிஎல், யோசேப்புக்குப் புரமோஷன். பிள்ளைகள் சிரித்தார்கள், கூட்டம் கூடியது, அண்ணாச்சிக்குச் சந்தோஷம். சொன்னதையெல்லாம் நான் இந்தியில் சொன்னேன். தமிழில் விழுந்த சிரிப்பைவிட இந்தியில் விழுந்த சிரிப்பு பெரிது. அதுவும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவருக்கு இந்தி தெரியாது. ரிலவன்ட்டான மனிதருக்கு இந்த ஊரின் பாஷை தெரியாது என்பதை யாரும் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. ஆட்டோக்காரனிடம் நேரே போ, நிறுத்து, எவ்வளவு என்று கேட்கிற அளவுக்குத் தெரியும். மற்றதற்கு நான் இருந்தேன்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு குர்லாவில் ஒரு லேத் பட்டறைக்குப் போனான். என் காலேஜ் அவன் கையிலிருந்து வந்தது. வாரம் முழுக்க இரும்போடு நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை தூங்குவான். எழுந்தால் சிநேகிதர்களோடு கிரிக்கெட். சபைக்கு வர மாட்டான். ஒருநாள் காலை, கூட்டம் பிதுங்கிய லோக்கல் ரயிலின் வாசலில் தொங்கிப் போனவன் விழுந்தான். இந்த ஊரில் தினமும் யாரோ ஒருவனுக்கு நடப்பதுதான். அன்று எங்கள் வீட்டில் நடந்தது.

அடக்கத்துக்கு வந்த பக்கத்து வீட்டுச் சித்தி, அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே சொன்னாள்: "கோயிலுக்கு வாடா வாடான்னு எத்தன தடவ கூப்ட்டோம். கேட்டானா? ஆண்டவர் எம்புட்டுதான் பொறுப்பாரு."

அந்தச் சொல் அம்மாவுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. பிறகு அவள் பலமுறை என்னிடம் கேட்டாள். மாட்டுங்காவில் வேலை செய்யும் வீட்டிலிருந்து வந்து, காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் கேட்பாள்: "ஏட்டி, அவன் கோயிலுக்குப் போவாததுக்குத்தான் போய்ட்டானோ?" நான் இல்லை என்பேன். அவள் என்னை நம்பவில்லை. நான் வெறும் மகள். பாஸ்டர் சொன்னால் நம்புவாள்.

ஜனவரியில் அம்மா ஸ்டிக்கரைத் தானே கதவில் ஒட்டினாள். சோற்றுக் கரண்டியின் பின்பக்கத்தால் குமிழ் இல்லாமல் தேய்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. வேலைக்குக் கிளம்பும்போது அதைத் தொட்டுவிட்டுப் போவாள். ஒரு சாயங்காலம் கேட்டாள்.

"இது யாரு சொன்னதுட்டி? ஏசுவா?"

"ஏசு இல்ல. பழைய ஏற்பாடு."

"அப்பம் யாரு? மாட்டுங்கா மாமி கேட்டாவ. என்ன வசனம் போட்ருக்க இந்த வருசம்னு. வசனத்தச் சொன்னேன். யாரு சொன்னதுன்னு கேட்டாவ. தெரியல. கேவலமாப் போச்சு."

எனக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை. இருக்கும் இடம் தெரியும், பேசுகிறவர் நினைவில்லை. வேதத்தை எடுத்து, அந்த அதிகாரத்தை முதல் வரியிலிருந்து வாசித்தேன்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஒரு நல்ல மனிதன். ஒரே நாளில் சொத்தும் போகிறது, பிள்ளைகள் எல்லோரும் வீடு இடிந்து சாகிறார்கள். உடம்பெல்லாம் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான். சிநேகிதர்கள் மூன்று பேர் ஆறுதல் சொல்ல வருகிறார்கள். அவர்களில் இரண்டாவது ஆள் சொல்வதுதான் எங்கள் கதவில் ஒட்டியிருந்த வரி. அதற்குச் சற்று மேலே அதே ஆள் அதே மூச்சில் அந்தத் தகப்பனைப் பார்த்து, உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், செய்ததற்குப் பலன் அனுபவித்தார்கள், நீயாவது ஒழுங்காக இருந்தால் உனக்குப் பெரிய முடிவு கிடைக்கும் என்கிறான்.

பக்கத்து வீட்டுச் சித்தி சொன்ன அதே சொல்.

அந்தப் புத்தகத்தின் கடைசியில் கடவுளே வந்து அந்த மூன்று பேர் மேலும் கோபப்படுகிறார். என்னைப் பற்றி நீங்கள் சரியாகப் பேசவில்லை, சாம்பலில் உட்கார்ந்து என்னோடு சண்டை போட்டானே, அவன்தான் சரியாகப் பேசினான் என்கிறார். கடவுள் தள்ளிவிட்ட ஒருவனுடைய பேச்சைக் கடவுளின் வாக்கு என்று அச்சடித்து, மகனைப் பறிகொடுத்தவளின் கதவில் ஒட்டியிருந்தோம்.

"யாருட்டி?" என்றாள் அம்மா மறுபடியும்.

"ஒரு சிநேகிதன் இன்னொரு சிநேகிதனுக்குச் சொன்னது."

"நல்ல சிநேகிதன்" என்றாள்.

அடுத்த ஞாயிறுதான் டீக் கப்போடு நின்ற பாஸ்டரிடம் கேட்டேன். அவருக்கு விடை தெரிந்திருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது அதனால்தான். தெரியாமல் செய்திருந்தால் விட்டிருப்பேன்.

"கான்டெக்ஸ்ட் எல்லாம் பைபிள் காலேஜ்ல ஓகே சிஸ்டர். ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வேணும். ஷார்ட்டா, கேச்சியா ஒரு வரி. அவ்ளோதான்."

"அந்த வரிக்கு மேல இருக்கிற வரிய எங்கம்மா கேட்டா?"

"யாரு வாசிச்சுக் காட்டப் போறா?"

"நான்தான்."

அப்போதுதான் அவர் சிரித்துக்கொண்டு, நான் முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டார். அண்ணாச்சி என் தோளைத் தட்டி, "ஏ பிள்ள, க்ளெய்ம் பேப்பர்ல ஓட்டை பாக்கிற மாதிரி ஆண்டவர் வார்த்தையிலயும் ஓட்டை பாக்கியே" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

சில மாதம் கழித்து நன்றி சொல்லும் ஞாயிறு வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, ஆண்டவர் செய்த நன்மைகளைச் சபை முன் சாட்சியாகச் சொல்லும் நாள். பாஸ்டர் வீட்டுக்கே வந்து, இந்தத் தடவை அம்மாவை முன்னால் உட்காரவைக்க வேண்டும் என்றார். அம்மா பேச வேண்டாம், அவர் பேசுவார். அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. பாஸ்டருக்குக் காபி போட்டாள், சர்க்கரை போட மறந்தாள். அவரும் குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றார்.

கதவு வரை போய்க் கேட்டேன். "அம்மாவப் பத்தி என்ன சொல்லப்போறீங்க பாஸ்டர்?"

"டோன்ட் வொரி சிஸ்டர். ஃபுல் பாசிட்டிவ்."

அந்த ஞாயிறு மாடி நிறைந்திருந்தது. பின்பெஞ்சில் அண்ணனின் சிநேகிதர்கள், அவனோடு லேத்தில் நின்ற பையன்கள், உட்கார்ந்திருந்தார்கள். அவன் போன பிறகு அவர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். ஏன் வருகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. அவர்களுக்குத் தமிழ் பாதிதான் புரியும். நான் சொல்வதைத்தான் கேட்பார்கள்.

அம்மா முதல் வரிசையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் கீழிருந்து மேலே ஏறும் ஒரு அம்பு வந்தது. அம்பின் அடியில் குடிசைப் படம், நுனியில் அடுக்குமாடி. குடிசையின் மேல் அம்மாவின் முகம், அடுக்குமாடியின் மேல் என் முகம். பட்டமளிப்பு நாளில் எடுத்தது, என் வாட்ஸப்பிலிருந்து எடுத்திருக்கிறார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு என் படத்துக்குக் கீழேயே நின்றேன்.

பாஸ்டர் தொடங்கினார். இந்த அம்மா பாத்திரம் தேய்த்தார்கள், மகளைப் படிக்கவைத்தார்கள். சிறிய தொடக்கம், பெரிய முடிவு. இந்தியில் சொன்னேன். படிக்கவைத்தது அண்ணன் என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் சொன்னேன்.

"இந்த அம்மாவுக்கு ஒரு மகனும் இருந்தான்."

சொன்னேன்.

"ஆண்டவர் கூப்பிட்டார். எடுக்கல. மறுபடி கூப்பிட்டார். எடுக்கல. எத்தனை மிஸ்டு கால் குடுப்பார்? ஒரு நாள் நெட்வொர்க்கே கட் ஆயிடுச்சு!"

பழக்கத்தில் சிலர் சிரித்தார்கள். பாதியில் யாரைப் பற்றிய பேச்சு என்று புரிந்து நிறுத்தினார்கள். அம்மா தலையைக் குனிந்திருந்தாள். குட்டுப்பட்ட பிள்ளை குனிவது மாதிரி. கேட்டாயிற்று. பாஸ்டர் வாயாலேயே கேட்டாயிற்று.

இப்போது என் முறை. பாஸ்டர் என்னைப் பார்த்தார். பின்பெஞ்சு என்னைப் பார்த்தது.

வாசிப்புப் பகுதிக்காக வேதம் என் கையில்தான் இருந்தது. நான் இந்தியில் பேச ஆரம்பித்தேன். அவர் சொன்னதைச் சொல்லவில்லை. சாம்பலில் உட்கார்ந்திருந்த மனிதனைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைகளைப் பறிகொடுத்தவனிடம் ஒரு சிநேகிதன் வந்து, உன் பிள்ளைகள் செய்த பாவத்துக்குத்தான் செத்தார்கள் என்று சொன்னதைச் சொன்னேன். நம் கதவுகளில் ஒட்டியிருப்பது அந்த ஆளுடைய பேச்சு என்று சொன்னேன்.

"ஆமென்!" என்றார் பாஸ்டர்.

அவருடைய வாக்கியத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். கையை உயர்த்தி என்னை உற்சாகப்படுத்தினார். நான் கடைசி அதிகாரத்துக்குப் புரட்டினேன். கடவுள் அந்தச் சிநேகிதனைப் பார்த்துக் கோபப்பட்டார், நீ பேசியது தப்பு என்று சொன்னார் என்றேன்.

"அல்லேலூயா! ஆமென்! ஸ்ட்ராங்கா சொல்லுங்க சிஸ்டர்!"

பின்பெஞ்சில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான். எங்கள் பெரியவர்களுக்கு இந்தி நன்றாகவே தெரியும், இந்த ஊரில் சம்பாதித்துச் சாப்பிடுகிறவர்கள். அவர்கள் பாஸ்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் கடைசியாகச் சொன்னேன்: "இப்போது பாஸ்டர் என் அண்ணனைப் பற்றிச் சொன்னதும் அதே பேச்சுதான். அவன் ரயிலில் கூட்டம் அதிகமானதால் விழுந்தான். வாரம் முழுக்க உழைத்தவன், ஞாயிற்றுக்கிழமை தூங்கினான். அதற்காகக் கடவுள் யாரையும் தள்ளிவிடுவதில்லை."

"ஆமென்!" என்றார் பாஸ்டர்.

அண்ணாச்சி எழுந்து விறுவிறுவென்று வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். காதோடு ஒட்டிய மைக் அணைக்கப்படவில்லை. "என்னது? என்ன சொல்லுச்சு?" என்று பாஸ்டரின் குரல் ஸ்பீக்கரில் மாடி முழுக்கக் கேட்டது.

அன்று டீ கொடுக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே என்னை நிற்கவைத்தார்கள். பாஸ்டரின் முகம் சிவந்திருந்தது.

"இன்டர்ப்ரெட்டர்னா உண்மையா இருக்கணும் சிஸ்டர். நான் சொன்னதைச் சொல்லணும். நீங்க என் வார்த்தையையே மாத்திட்டீங்க. இது துரோகம்."

"உங்க வார்த்தையத்தான மாத்தினேன்" என்றேன். "அந்த மிஸ்டு கால் எந்த அதிகாரத்துல இருக்கு பாஸ்டர்? சொல்லுங்க, அங்கேருந்து வாசிக்கிறேன்."

"அது இல்லஸ்ட்ரேஷன்!"

"அது எங்கண்ணன்."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சிதான் நடுவில் வந்தார். "மக்கா, ஒரு சாரி சொல்லிரு. முடிஞ்சிரும். பாஸ்டர் வெளியாளு, உனக்கென்ன, நீ நம்ம பிள்ளைல்லா?"

"நம்ம பிள்ளைன்னா அன்னைக்கு எதுக்கு அண்ணாச்சி சிரிச்சீங்க?"

"என்னைக்கு?" என்றார். அவருக்கு நினைவே இல்லை.

சாரி சொல்லவில்லை. இனி நான் மேடையேற வேண்டாம் என்றார்கள். சரி என்றேன். என் இடத்தில் இப்போது பாஸ்டரின் மச்சான் நிற்கிறாராம், அவருக்கும் அரைகுறை இந்தியாம். பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். எனக்கு அதில் சந்தோஷம்தான். சந்தோஷப்படக் கூடாது என்று யாராவது சொன்னால் அவர்களோடும் சண்டை போடத் தயார்.

ஆனால் அன்று வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு அம்மாவை நினைத்துத்தான் பயம். சபை முன் அவளை அவமானப்படுத்தியது யார் என்பதில் அவள் என் பக்கம் நிற்பாளா என்று தெரியவில்லை. நைன்ட்டி ஃபீட் ரோட்டில் அவள் நின்றாள். காய்கறி வண்டிக்காரனிடம் கொத்தமல்லி வாங்கினாள். சந்துக்குள் திரும்பும்போது கேட்டாள்.

"அந்த ஆள ஆண்டவரு ஏசுனாரா?"

"எந்த ஆள?"

"சிநேகிதன்னு சொன்னியே. வசனம் சொன்னவன்."

"ஏசினாரு."

"நல்லா ஏசுனாரா?"

"நல்லா ஏசினாரு யம்மா. மூணு பேரையும்."

கொஞ்ச தூரம் நடந்தாள். "பிள்ளைய பறிகொடுத்தவன ஏசலியா?"

"அவன்கூட முதல்ல சண்ட போட்டாரு. கடைசில அவன்தான் சரியாப் பேசினான்னாரு."

"எனக்கு வாசிச்சுக் காட்டு. முழுசும்."

முழுசும் என்பது சின்ன வேலை இல்லை. அந்தப் புத்தகத்தில் கதை கொஞ்சம், பேச்சு அதிகம். அந்தச் சிநேகிதர்கள் அதிகாரம் அதிகாரமாகப் பேசுவார்கள். தினமும் வேலை முடிந்து வந்ததும் வாசித்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டு கேட்டாள். நடுவில் எரிச்சலானாள்: "இவனுவ வாய மூடவே மாட்டானுவளா? எழவு வீட்ல வந்து என்ன பேச்சு இது." அந்த மனிதன் தன் பிறந்த நாளையே சபிக்கும் இடத்தில் கையிலிருந்த கீரையைத் தட்டில் போட்டுவிட்டு, மறுபடி வாசிக்கச் சொன்னாள். கடவுள் கோபப்படும் இடம் வந்தபோது, "கொஞ்சம் பிந்தி வந்துட்டாரு" என்றாள். அவளுக்கு அதுதான் குறை.

கடைசியில் அந்த மனிதனுக்கு மறுபடியும் பிள்ளைகள் பிறக்கிறார்கள். அந்த முடிவு அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "புதுப் பிள்ளை வந்தா பழைய பிள்ளை சரியாப் போச்சாமா?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியை எந்தப் பிரசங்கியாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். தெரியவில்லை என்று சொல்லும் பிரசங்கியாரையும் நான் பார்த்ததில்லை.

அவள் இப்போது அண்ணன் ஏன் போனான் என்று கேட்பதில்லை. அழுகை நிற்கவில்லை, அந்தக் கேள்வி நின்றிருக்கிறது. ஸ்டிக்கர் இன்னும் கதவில்தான் இருக்கிறது. நான் கிழிக்கப் போனபோது விடவில்லை. "பெயிண்டும் சேந்து வந்துரும். கெடக்கட்டும். யாரு சொன்னதுன்னு கேட்டா நான் சொல்லுவேன்ல" என்றாள். மாட்டுங்கா மாமிக்கு அவள் முழுக்கதையையும் சொல்லிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. சித்திக்கும் சொன்னாளாம். சித்தி கோபித்துக்கொண்டு போனவள் இன்னும் பேசவில்லை.

ஒரு சாயங்காலம் அண்ணனின் சிநேகிதர்கள் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் நின்றபடியே, சபைக்கு இனி போவதில்லை என்று இந்தியில் சொன்னார்கள். தீதீ, நீங்கள் அன்று சொன்னதில் மிச்சத்தை எங்கே கேட்பது என்று கேட்டார்கள். எங்கள் அறையில் இத்தனை பேர் உட்கார இடம் கிடையாது. அம்மா என்னைப் பார்த்தாள். "இவனுவளுக்கும் வாசிச்சுக் காட்டு. முழுசும். நடுவுல விடாத" என்றாள்.

பாஸ்டர் இதைக் கேள்விப்பட்டு, தனிச்சபை ஆரம்பிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லட்டும். திரையில்லை, மைக்கில்லை, வாக்குத்தத்தமும் இல்லை. ஒரு வாரம் ஒரு பகுதி, தமிழில் ஒருமுறை, இந்தியில் ஒருமுறை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. பிறகு யாருக்கு என்ன கேட்க வேண்டுமோ கேட்கலாம். கூட்டம் காலையில் கிடையாது, மத்தியானத்துக்கு மேல்தான். அவர்கள் வாரம் முழுக்க உழைக்கிறவர்கள், ஞாயிறு தூங்கட்டும்.

இடத்துக்காக நேற்று குர்லாவுக்குப் போனேன். அண்ணன் வேலை பார்த்த பட்டறையின் முதலாளி அவனை மறக்கவில்லை. லேத்துக்கு மேலே சாமான் போட்டு வைக்கும் ஒரு பரண் அறை இருக்கிறது, ஞாயிறு சும்மாதான் கிடக்கிறது என்றார். ஏறிப் பார்த்தேன். இரும்புத்தூளும் எண்ணெய் வாசமும். பையன்களை வரவழைத்துப் பெருக்கித் துடைத்துவிட்டு, சாவியை வாங்கி வந்துவிட்டேன்.